மது விலக்கு நிபந்தனை, எல்லைக்கு அப்பாலும்

வணக்கம். பொள்ளாச்சியில் அடிதடி வழக்கில் நன்னடத்தைப் பிணையில் (தண்டனையை உடனே விதிக்காமல், ஒழுங்காக நடப்பதாக எழுதி வாங்கிக்கொண்டு விடுவது) விடப்பட்டிருக்கும் தங்கள் தம்பி, மது அருந்தக் கூடாது என்று உத்தரவில் இருந்தும், பாலக்காட்டுப் பக்கம் நடக்கும் கிடா விருந்தில் கள் குடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. 1958ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றம் விதிக்கும் நிபந்தனை ஆளைக் கட்டுப்படுத்துகிறது. கேரளத்தில் கள்ளுக்கடைக்கு உரிமம் இருப்பது அவரை விடுவிக்காது. முதல் மீறலுக்கு 50 ரூபாய்க்கு மிகாத அபராதத்தோடு விட்டுவிட 9ஆம் பிரிவு இடம் தருகிறது என்றாலும், பழைய குற்றத்துக்கான தண்டனையை அப்போதே விதிக்கவும் அதே பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிப்பதால், அந்த 50 ரூபாயை நம்பி அவர் இறங்க வேண்டாம். உத்தரவின் நகலில் தங்குமிடம் பற்றிய நிபந்தனையும் இருக்கிறதா என்று பார்த்து, நன்னடத்தை அலுவலரிடம் சொல்லிவிட்டே புறப்படட்டும். பந்தியில் உறவினர்கள் வற்புறுத்துவார்களே என்பதுதான் என் கவலை. தயவுசெய்து நீங்கள் கூடவே இருங்கள்.