வாத்து வராத வாரத்தையும் எழுதுங்கள்

கேள்வி: காவேரிப்பாக்கம் பக்கத்து அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். ஏரியில் தண்ணீர் நின்றால் கார்த்திகை வாக்கில் வெளியூர்ப் பறவைகள் வந்துவிடும். பிள்ளைகளுக்கு ஆர்வம் உண்டு. கையில் இருப்பது இரண்டு செல்போன், ஒரு பழைய பைனாகுலர். செயற்கைக்கோள் கருவி பொருத்தி வலசையை ஆராயும் காலத்தில் எங்கள் குறிப்புகளுக்கு மதிப்பு இருக்குமா? எப்படித் தொடங்குவது?

பதில்: நிச்சயம் இருக்கும். கருவி காட்டுவது ஒரு தனிப் பறவை போன வழியை. 2013-இல் நாகாலாந்தில் அமூர் வல்லூறுகளுக்குப் பொருத்திய கருவிகள், அவை அரபிக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா போவதைக் காட்டின. ஆனால் கருவியின் எடை பறவையின் எடையில் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது. இருபது கிராம் சொச்சமே உள்ள வாலாட்டிக் குருவிக்கு எதைக் கட்டுவது? இந்த வருடம் உங்கள் ஏரிக்கு ஊசிவால் வாத்து குறைவாக வந்ததா என்பதையும் எந்தக் கருவியும் எண்ணித் தராது. கரையில் நிற்கிற ஆள்தான் எண்ண வேண்டும்.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் கூடம் 2002 முதல் நடத்தும் பறவைப் பதிவுத் தளமான இ-பேர்டின் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான். கரையில் ஒரே இடத்தைப் பிடியுங்கள். மதகு என்றால் எப்போதும் மதகுதான். வாரம் ஒரு காலை, குறைந்தது 15 நிமிடம். காக்கா, மைனா உட்பட அடையாளம் தெரிந்த அத்தனையையும் எழுதுங்கள். கடைசியில் செயலி, இது முழுப் பட்டியலா என்று கேட்கும். அதற்கு ஆமாம் போடத்தான் இவ்வளவு பாடும். முழுப் பட்டியலில் ஒரு பெயர் இல்லையென்றால், தேடியும் கண்ணில் படவில்லை என்று ஆய்வாளர் எடுத்துக்கொள்ள முடியும். அரிய பறவை வந்த அன்று மட்டும் பதிகிறவரின் குறிப்பில் இது கிடைக்காது. 2023-இல் வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, சுமார் 30,000 பேர் தந்த மூன்று கோடிப் பதிவுகளை வைத்து 942 இனங்களை மதிப்பிட்டது. பெரும்பாலும் இப்படிச் சேர்ந்த பட்டியல்கள்தான்.

கூட்டமாக மிதக்கும் வாத்துகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம். பத்தை எண்ணி, அது எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பார்த்து, அந்த அளவை அப்படியே கூட்டம் முழுக்க நகர்த்துங்கள். தோராய எண் கூடப் போதும்.

தண்ணீர் மட்டத்தைக் குறிப்புப் பகுதியில் கட்டாயம் எழுதுங்கள். பலரும் விடுவது இதைத்தான். ஏரி நிரம்பிக் கோடி போகிற வருடம் வாத்து இருக்கும், உள்ளான் குறையும். அதற்குச் சேறு வேண்டுமே! மாசி, பங்குனியில் தண்ணீர் இறங்கி ஓரம் தெரியும்போது உள்ளான்கள் இறங்கும். இது தெரியாவிட்டால், ஏரிக்கு நீர் தரும் பாலாற்றில் தண்ணீர் வந்ததையும் வராததையும் பறவை கூடியதாகவும் குறைந்ததாகவும் படித்துவிடுவார்கள்.

அடையாளத்தில் அவசரம் கூடாது. நீலச்சிறகி என்னும் வாத்தில் ஆணின் வெள்ளைப் புருவம் கார்த்திகையில் பெரும்பாலும் இருக்காது, ஆணும் பெண்ணும் ஒரே மங்கல் பழுப்பு. சந்தேகம் என்றால் 'வாத்து இனம்' என்று போடுங்கள், அது குறையே இல்லை. மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அதை யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்க்காமல் பட்டியலில் ஏற்றாதீர்கள்.

வரித்தலை வாத்து வந்தால் கழுத்தைப் பாருங்கள். சிலவற்றுக்கு மங்கோலியாவில் எழுத்து பொறித்த வண்ணப்பட்டை மாட்டியிருப்பார்கள். பட்டையின் நிறம், எழுத்து இரண்டும் தெரியப் படமெடுத்து, 1927-இலிருந்து பறவைக் காலில் அடையாள வளையமிடும் பணியில் இருக்கும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். வளையத்தோடு பறவை செத்துக் கிடந்தால் பிள்ளைகளைத் தொட விடாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கக் கணக்கெடுப்பு நடக்கும், பிள்ளைகளுக்கு அது நல்ல தொடக்கம். பறவையைக் கிளப்பிப் படமெடுக்க ட்ரோன் விடுவதும், குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் வேண்டாம். நிதி கிடைத்தால் 8×42 (எட்டு மடங்கு உருப்பெருக்கம், 42 மி.மீ. முன்வில்லை) பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். அதற்குமேல் உருப்பெருக்கம் போனால் பிள்ளைகள் கையில் படம் ஆடும்.