கடன் முடிந்த பிறகா?

கேள்வி: கன்வென்ஷன் என்னும் சபைக் கூட்டங்களில் "கர்த்தருடைய அழைப்புக்கு முழு இருதயத்தோடு ஒப்புக்கொடுங்கள்" என்றதும் கை உயர்த்துகிறேன். திங்கட்கிழமை வந்தால் எல்லாம் பழையபடிதான். வீட்டுக் கடன் இன்னும் 6 வருடம் இருக்கிறது. பிள்ளைகள் படிப்பு இருக்கிறது. நிலத் தகராறில் தம்பியோடு பேச்சு வேறு நின்றுவிட்டது. வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்கு வர வேண்டுமா, இல்லை கடமைகள் முடிந்த பிறகு அவருக்காக வாழலாமா?

— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: சகோதரரே, நீங்கள் சொல்லும் இரண்டு வழியிலும் இன்றைக்குச் செய்ய எதுவும் இல்லை. வேலையை இப்போது விட முடியாது என்று உங்களுக்கே தெரியும். கடன் முடிய 6 வருடம். அதுவரை ஆண்டவர் வாசலில் காத்திருக்க வேண்டுமா?

லூக்கா 14-ஆம் அதிகாரத்தை இன்று இரவு ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். பெரிய விருந்துக்கு அழைக்கப்பட்டவர்கள் வர முடியாது என்று காரணம் சொல்லும் உவமை அது. ஒருவன் வயல் வாங்கினான், ஒருவன் ஐந்து ஏர் மாடு வாங்கினான், ஒருவன் கல்யாணம் பண்ணினான். மூன்றில் ஒன்றாவது பாவமா? உங்கள் வீட்டுக் கடனும் பாவமில்லை. ஆனால் வேதம் அதற்கு வைத்த பெயர் "போக்குச்சொல்ல", அதாவது சாக்குச் சொல்வது, என்பது. இன்னொன்றையும் கவனியுங்கள். ஊழியக்காரன் முதலில் புது ஆட்களிடம் போகவில்லை, ஏற்கெனவே அழைக்கப்பட்டவர்களிடம்தான் போனான். விருந்து ஆயத்தமான அந்த வேளையில் அவர்கள் பின்வாங்கினார்கள். ஞானஸ்நானமும், சபையில் விசுவாசத்தை உறுதிசெய்யும் திடப்படுத்தலும் பெற்று, வருடாவருடம் கையும் உயர்த்துகிற நாம் அந்த வரிசையில்தான் நிற்கிறோம்.

உபாகமம் 20-ல் புது வீடு கட்டினவனுக்கும், திராட்சத்தோட்டம் நாட்டினவனுக்கும், மணக்கப் பெண்ணை நியமித்துக்கொண்டவனுக்கும் விலக்கு உண்டு. ஆனால் அது யுத்தத்துக்குப் போவதிலிருந்து. லூக்கா சொல்லும் மூன்று பேரும் கிட்டத்தட்ட அதே காரணங்களைச் சாப்பாட்டுக்குச் சொல்கிறார்கள்! நீங்களும் அழைப்பை ஒரு பாரமாகவே எண்ணிவிட்டீர்களோ என்று உங்கள் கடிதத்தைப் படிக்கையில் எனக்கு வருத்தமாக இருந்தது. அவர் கூப்பிடுவது விருந்துக்கு, ஐயா.

சரி, வேலையை விட வேண்டுமா? வரி வசூலிக்கும் ஆயத்துறையில் இருந்த லேவியிடம் இயேசு "என்னைப் பின்பற்றிவா" என்றார், அவன் எல்லாவற்றையும் விட்டு எழுந்தான். சகேயுவும் ஆயக்காரன்தான், ஆயக்காரருக்குத் தலைவன். அவனிடம் அப்படிச் சொல்லவில்லை. "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்றார். அவன் தொழிலை விட்டதாக லூக்கா எழுதவில்லை. ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திருப்பித் தருகிறேன் என்றான். அழைப்பு அவனுடைய கணக்குப் புத்தகத்துக்குள்ளேயே வந்துவிட்டது. முழுநேர ஊழியத்துக்கு அழைப்பு இருந்தால் அது தெளிவாகும், அதற்காக ஜெபியுங்கள். அந்த முடிவு தெரியும்வரை மற்ற எதையும் தொடாமல் இருக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கடன் அல்ல. போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: தம்பியோடு பேச்சு நின்றுவிட்டது. கடனுக்கும் படிப்புக்கும் நடுவில் அதையும் ஒரு குடும்பப் பிரச்சினையாகச் சேர்த்துவிட்டீர்கள். நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் அழைப்பு அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மத்தேயு 5:23-ல், "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" என்றுதான் இருக்கிறது. தம்பிமேல் உங்களுக்கு இருக்கும் குறையைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. யார் பக்கம் நியாயம் என்று தீர்ந்த பிறகு போ என்றும் இல்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, "முன்பு" அவனிடம் போ என்கிறார்.

அடுத்த கன்வென்ஷன் வரை இதைத் தள்ளாதீர்கள். இன்று மாலை வேலை முடிந்ததும் தம்பிக்குப் போன் செய்யுங்கள். நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம், அது வக்கீலோ பெரியவர்களோ உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். "எப்படி இருக்கிறாய்? பிள்ளைகள் நலமா?" என்று கேளுங்கள், போதும். எடுக்கவில்லையென்றால் சனிக்கிழமை வீட்டுக்கே போங்கள். அவர் பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போங்கள். நடந்ததை எனக்கு எழுதுங்கள். அதுவரை உங்களுக்காகவும் தம்பிக்காகவும் ஜெபித்துக்கொண்டிருப்பேன்.