காருக்குள் கேட்கும் சத்தங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (கோயம்புத்தூர்): என் ஹேட்ச்பேக் காருக்கு 4 வயதாகிறது. காலையில் வண்டியை எடுக்கும்போது டேஷ்போர்டிலிருந்து கிறீச் என்று சத்தம் வருகிறது; அரை மணி நேரம் ஓட்டியதும் மறைந்துவிடுகிறது. சர்வீஸ் சென்டரிலோ சத்தமே கேட்கவில்லை என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: நீங்கள் சொல்வதும் உண்மை, அவர்கள் சொல்வதும் உண்மை. டேஷ்போர்டு பல பிளாஸ்டிக் பாகங்களைக் கிளிப்புகளாலும் திருகுகளாலும் கோத்து அமைக்கப்படுவது. வெப்பம் மாறும்போது அந்தப் பாகங்கள் ஒரே அளவில் விரிவதில்லை. காலைக் குளிரில் இரண்டு விளிம்புகளுக்கு நடுவே இருக்கும் இறுக்கம் வெயில் ஏறியதும் மாறிவிடுவதால், நீங்கள் சர்வீஸ் சென்டரைச் சென்றடைவதற்குள் சத்தம் அடங்கிவிடுகிறது. ஆகவே முதல் நாள் மாலையே வண்டியை அங்கே விட்டுவிடுங்கள். மறுநாள் காலை வண்டியை முதன்முதலாக எடுக்கும்போது டெக்னீஷியனுடன் நீங்களும் உடன் செல்லுங்கள்.

நீங்களே தேடுவதானால் முதலில் காரைக் காலி செய்ய வேண்டும். க்ளவ் பாக்ஸ், கதவுப் பைகள், கண்ணாடிக்கூடு வைக்கும் இடம் ஆகியவற்றில் இருப்பவை அனைத்தையும் வெளியே எடுத்துவிடுங்கள். டேஷ்போர்டின் மேல் ஒட்டியிருக்கும் சாமி சிலையையும் மறந்துவிட வேண்டாம். அடியிலுள்ள டேப் வெயிலில் காய்ந்து விட்டுக்கொடுத்திருந்தால், சிறிய அதிர்வுக்கும் அது ஆடும். பிறகு ஏ.சி.யையும் பாட்டையும் நிறுத்திவிட்டு வேறொருவரை ஓட்டச் சொல்லி, நீங்கள் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, ஒவ்வொரு இணைப்பையும் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். முன்கண்ணாடி ஒலியைத் திருப்பி அனுப்புவதால் காது சொல்லும் இடத்தை அப்படியே நம்பக் கூடாது. இடப்பக்கம் கேட்பது போலத் தோன்றும் சத்தம் நடுவிலுள்ள ஏ.சி. வென்ட்டிலிருந்து வருவதாகவும் இருக்கலாம். சந்தேகப்படும் இடுக்கில் ஒரு விசிட்டிங் கார்டை மடித்துச் செருகி அதே சாலையில் மீண்டும் ஓட்டுங்கள். சத்தம் நின்றால் இடம் உறுதியாகிவிட்டது. அதுவரை ஒரு திருகைக்கூடத் தளர்த்த வேண்டாம் என்பதை நான் வற்புறுத்திச் சொல்வேன், ஏனெனில் காரணமின்றிப் பிரித்த டேஷ்போர்டில் உடைந்த கிளிப்புகளே புதிய சத்தங்களுக்குக் காரணமாகின்றன.

கிறீச் என்பது இரண்டு பரப்புகள் உராய்வதால் வருவது; அந்த விளிம்பில் மெல்லிய ஃபெல்ட் டேப்பை (கம்பளித்துணி போன்ற ஒட்டுப்பட்டை) உள்பக்கமாக ஒட்டினால் போதும். கடகட என்பது தளர்ந்த பாகம் மோதுவதால் வருவது. அதற்குக் கிளிப்பை மாற்றுவதுதான் சரியான வழி. சாதாரண இன்சுலேஷன் டேப் வெயிலில் பசை கசிந்து வழுகிவிடும் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி (மதுரை): மேடுபள்ளமான தெருக்களில் மெதுவாகச் செல்லும்போது முன்பக்கத்தில் கடகடவென்று சத்தம் வருகிறது. நல்ல சாலையில் வேகமாகச் சென்றால் கேட்பதில்லை. டேஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தும் பயனில்லை.

பதில்: இது காருக்குள் இருக்கும் சத்தமாக எனக்குத் தோன்றவில்லை. சிறு குழிகளில், குறைந்த வேகத்தில், முன்சக்கரங்களின் பக்கமாக வரும் கடகட சத்தத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது ஸ்டெபிலைசர் பாரின் (திருப்பங்களில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) லிங்க் ராட், அதாவது அந்தக் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் தண்டு. அதன் முனையிலுள்ள பந்து மூட்டு தேய்ந்தால், சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே தட்டும். அந்த ஒலி பாடி வழியாகக் கேபினுக்குள் வருவதால் டேஷ்போர்டுதான் ஆடுகிறது என்று நினைக்கத் தோன்றும்.

அதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. அதே தெருவில், பின்னால் வண்டி ஏதும் வராத நேரத்தில், பிரேக்கை மிக லேசாக அழுத்தியபடி ஓட்டிப் பாருங்கள். சத்தம் உடனே நின்றால், காலிப்பருக்குள் (பேடுகளைப் பிடித்து அழுத்தும் பாகம்) பிரேக் பேடுகள் ஆடுகின்றன என்று கொள்ளலாம். பேடு மாற்றியவர் பழைய கிளிப்புகளைத் திரும்பப் போடாமல் விட்டிருக்கலாம். சத்தம் நிற்கவில்லையென்றால் வண்டியை லிஃப்டில் ஏற்றி, லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க்கையின் ரப்பர் மூட்டு), ஸ்ட்ரட் மவுண்ட் (ஷாக் அப்சார்பரின் மேல்முனைத் தாங்கி) ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். லிங்க் ராடு மாற்றினால் இரு பக்கமும் சேர்த்தே மாற்றுவது நல்லது. லோயர் ஆர்ம் புஷ் மாற்றினால், வண்டி சக்கரத்தில் நிற்கும் நிலையில்தான் போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழிந்துவிடும். இந்தச் சத்தத்தைத் தள்ளிப்போடாதீர்கள். இது காதுக்குத் தொந்தரவு என்பதோடு நிற்பதில்லை, வண்டியின் கட்டுப்பாட்டையும் தொடுவது.

டயர் காற்றையும் ஒருமுறை பாருங்கள். ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவைவிடக் கூடுதலாகக் காற்று அடைத்திருந்தால் நல்ல நிலையிலுள்ள காரும் லொடலொடக்கும்.

கேள்வி (திருநெல்வேலி): டிக்கிப் பக்கம் ஏதோ தட்டிக்கொண்டே வருகிறது. தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை.

பதில்: பார்சல் ட்ரேயை (டிக்கியை மேலே மூடும் தட்டு) கழற்றி வீட்டில் வைத்துவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். நிற்கவில்லையென்றால் பின்னிருக்கையை மடித்துவிட்டு ஓட்டுங்கள். அதற்குப் பிறகு ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர் ஆகியவை ஆடுகின்றனவா என்று பாருங்கள். இருக்கை மாட்டும் கொக்கிதான் காரணமென்றால் அதில் ஒரு சுற்று ஃபெல்ட் டேப் போதும். டிக்கிக் கதவின் ஓரத்திலுள்ள ரப்பர் முட்டுகளைப் பல கார்களில் திருகி உயர்த்தலாம். கதவு இறுக்கமாக, ஆனால் அடித்துச் சாத்தத் தேவையில்லாத அளவுக்கு வையுங்கள்.

கேள்வி (சென்னை): டேஷ் கேமரா பொருத்தியபின் முன்கண்ணாடியின் ஓரத்தூணில் சத்தம் வருகிறது. பொருத்திய கடைக்காரர் தூணின் உள்ளே ஸ்பாஞ்சை அடைத்துவிடலாம் என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் காரில் பக்கவாட்டுத் திரை ஏர்பேக் இருந்தால், அது கூரையின் ஓரமாக ஓடி இந்தத் தூணின் அருகில்தான் வந்து முடியும். விபத்தின்போது அது கண்ணிமைக்கும் நேரத்தில் விரிய வேண்டும்; அதன் வழியில் ஸ்பாஞ்சோ, குறுக்கே ஓடும் கேமரா வயரோ இருக்கவே கூடாது. சத்தத்தின் காரணம் பெரும்பாலும் வயர் பிளாஸ்டிக்கில் தட்டுவதாகவோ, கழற்றி மாட்டியபோது கிளிப் சரியாக அமராததாகவோ இருக்கும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, கார் கையேட்டில் சொல்லியிருக்கும் நேரம் காத்திருந்த பிறகு, பயிற்சி பெற்றவர் அந்த உறையைத் திறந்து, வயரைத் துணி டேப்பால் சுற்றி, ஏர்பேக்கின் பின்புறமாக, ஏற்கெனவே ஓடும் வயர்க்கட்டோடு சேர்த்துக் கட்ட வேண்டும். சில கார்களில் இந்த உறையின் கிளிப் ஒருமுறை மட்டுமே பயன்படுவது. அப்படியானால் புதியதைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): கதவு பீடிங் ரப்பர் கிறீச்சிடுகிறது. எண்ணெய் தடவலாமா?

பதில்: பீடிங்குக்குப் பயன்படும் ரப்பர் வகைக்குப் பெட்ரோலியத்திலிருந்து வரும் எண்ணெயும் கிரீசும் ஆகாது, ரப்பர் ஊதிப் பெருத்து மென்மையாகிவிடும். தேங்காய் எண்ணெய் தூசியைச் சேர்க்கும். ஈரத்துணியால் ரப்பரையும் அது படியும் உலோக விளிம்பையும் துடைத்து, காய்ந்ததும் சிலிக்கான் ஸ்பிரேயைத் துணியில் அடித்து மெல்லிதாகத் தடவுங்கள். கண்ணாடியின் மேல் நேரடியாக அடிக்க வேண்டாம்.

கேள்வி (சேலம்): சிக்னலில் நிற்கும்போது காலடியில் தகரம் நடுங்குவது போன்ற சத்தம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் நின்றுவிடுகிறது.

பதில்: சைலன்சர் குழாயின் மேலுள்ள ஹீட் ஷீல்டில் (சூட்டைத் தடுக்கும் தகடு) போல்ட் துரு பிடித்துத் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். எஞ்சின் முற்றிலும் ஆறியபின் ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். போல்ட்டின் துளை அரித்திருந்தால் குழாயோடு சேர்த்து ஒரு துருப்பிடிக்காத பெரிய ஹோஸ் கிளிப்பை மாட்டி இறுக்கலாம். சத்தம் போகட்டும் என்று ஷீல்டையே கழற்றி எறியும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு; அதற்குச் சம்மதிக்காதீர்கள். தரைத்தளத்தையும், அருகில் ஓடும் வயர்களையும் எரிபொருள் குழாயையும் சைலன்சரின் சூட்டிலிருந்து காப்பது அந்தத் தகடுதான்.