ஈரம் படாத காலுறை: வாசகர் கேள்வி பதில்

சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை நடந்தாலும் நடந்தது, 2025 முடிந்த பிறகும் நம் சிங்கப்பூர் வாசகர்களின் ஹாக்கிக் கடிதங்கள் நிற்கவில்லை. கிரிக்கெட்காரர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், இந்த முறை உங்களுக்கு இடமில்லை.

மகனுக்கு 13 வயது. உயர்நிலைப் பள்ளி ஹாக்கி அணியில் இருக்கிறான். வாரம் மூன்று நாள் பயிற்சி, போட்டி நாளில் மட்டும் பெஞ்ச். "கோப்பை முக்கியம், அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்கிறாராம் பயிற்றுவிப்பாளர். நான் போய்ப் பேசலாமா? மனைவி வேண்டாம் என்கிறார். (செங்காங் வாசகர்)

மனைவி சொல்வதில் பாதி சரி. ஆட்டம் முடிந்த சூட்டோடு, மைதான ஓரத்தில், மற்ற பெற்றோர் வேடிக்கை பார்க்க அவரிடம் போய் நிற்காதீர்கள். இரண்டு நாள் போகட்டும். அப்புறம் போனாலும் "ஏன் இறக்கவில்லை" என்று ஆரம்பிக்க வேண்டாம், "அவன் ஆட வேண்டுமென்றால் எதைச் சரிசெய்ய வேண்டும்" என்று கேளுங்கள். "பந்தை வாங்கும்போது தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை" என்கிற மாதிரி ஒரே ஒரு வரி வந்தாலும் போதும், மனிதர் உங்கள் பையனைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றால் பையன் அவர் கண்ணிலேயே படவில்லை.

சில வருஷங்களுக்கு முன் அக்கா மகனின் ஆட்டத்துக்குப் போயிருந்தேன். செயற்கைத் தரையில் ஆட்டத்துக்கு முன் தண்ணீர் பாய்ச்சுவார்கள் அல்லவா, ஐந்து நிமிடம் ஓடினால் ஷூவும் காலுறையும் சொட்டச் சொட்ட நனைந்துவிடும். எங்கள் பக்கம் 6-0. பெஞ்சின் ஓரத்தில் ஒரு பையன், முழங்கால் வரை இழுத்துவிட்ட வெள்ளைக் காலுறை, கடையிலிருந்து வந்த மடிப்புகூடக் கலையவில்லை. ஒவ்வொரு கோலுக்கும் எழுந்து கைதட்டினான். விசில் ஊதியதும் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து இரண்டு காலிலும் ஊற்றிக்கொண்டு வாசலுக்குப் போனான். அங்கே அவன் பாட்டி நின்றுகொண்டிருந்தார்.

ஆறு கோல் முன்னிலையில்கூட ஒரு பையனை இறக்க மனம் வரவில்லை என்றால் அதற்குப் பெயர் வியூகம் இல்லை. இத்தனை பேரைத்தான் மாற்றலாம் என்று காற்பந்தில் உள்ள சாக்கு ஹாக்கியில் கிடையவும் கிடையாது. இங்கே யாரையும் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், வெளியே எடுத்தவனையே மறுபடி உள்ளே அனுப்பலாம், நடுவரிடம் அனுமதிகூடக் கேட்க வேண்டாம். கோலுக்குப் பக்கத்தில் செய்த தவறுக்கு எதிரணிக்குத் தருகிற பெனால்டி கார்னர் நேரத்தில் மட்டும் முடியாது. 13 வயதில் ஐந்தைந்து நிமிடமாக இறக்கிவிட்டால்தான் 17 வயதில் அவன் எப்படி ஆடுவான் என்பது யாருக்காவது தெரியும்.

பயிற்றுவிப்பாளரை மட்டும் திட்டுவதிலும் நியாயமில்லை. ஒப்பந்தத்தில் வந்து போகிற மனிதர், பதக்கம் வரவில்லை என்றால் அடுத்த வருஷம் வேறு ஆளைத் தேடுவார்கள் என்ற பயம் அவருக்கு இருக்கும். விளையாட்டு போன்ற திறமையை வைத்து இடம் தருகிற நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்குப் பதக்கம் உதவும் என்று அவரை நெருக்குகிறவர்களில் நாமும் உண்டு. உங்கள் மகன் முதல் பதினொருவரில் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருப்பீர்களா? கோபப்படாதீர்கள், சும்மா கேட்டேன்.

காப்பிக்கடையில் நண்பனோடு ஓயாத சண்டை. பெரிய ஆட்டக்காரர்தான் பெரிய பயிற்றுவிப்பாளர் ஆக முடியும், ஸ்ரீஜேஷைப் பார் என்கிறான். இந்தியாவுக்கு வெளிநாட்டுக்காரர்தான் சரிப்படும் என்கிறேன் நான். யார் சொல்வது சரி? (ஈசூன் வாசகர்)

தோற்றவர்தான் தேநீர் வாங்கித் தர வேண்டும் என்று பந்தயமா? அப்படியென்றால் இரண்டு பேரும் காசை எடுங்கள்.

நண்பர் பக்கம் முதலில். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய கையோடு ஓய்வுபெற்ற இந்திய கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ், அடுத்து இந்திய ஜூனியர் அணியின் பயிற்றுவிப்பாளர் ஆனார். சென்னையில் அரையிறுதியில் அவருடைய பிள்ளைகளை ஜெர்மனி 5-1 என்று துவைத்துப் போட்டது. அடுத்து வெண்கலத்துக்கான ஆட்டம், அர்ஜென்டினாவுக்கு எதிராக 0-2, மிச்சம் இருந்தது கடைசிக் கால்பகுதி மட்டும். அதில் நான்கு கோல் அடித்து 4-2. அடி வாங்கிய பத்தொன்பது இருபது வயதுப் பையன்களை அந்த இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில் உட்கார வைத்து என்ன பேசினாரோ, அதுதான் பயிற்சி. பலகையில் அம்புக்குறி போடுவது அப்புறம்.

உங்கள் பக்கமும் பலம் உண்டு. 2021 டோக்கியோ வெண்கலத்தின்போது ஆஸ்திரேலியர் கிரஹாம் ரீட், பாரிஸில் தென்னாப்பிரிக்கர் கிரேக் ஃபுல்டன். 1980 மாஸ்கோ தங்கத்துக்குப் பிறகு 41 வருஷம் ஒரு ஒலிம்பிக் பதக்கமும் இல்லாத ஆண்கள் அணிக்கு வெளியாட்கள் வந்துதான் வரிசையாக இரண்டு கிடைத்தது என்று நீங்கள் மேசையைத் தட்டலாம்.

ஆனால் இதையும் பாருங்கள். 2017 செப்டம்பரில் ஆண்கள் அணிப் பயிற்றுவிப்பாளர் ஓல்ட்மன்ஸை வீட்டுக்கு அனுப்பினார்கள், பெண்கள் அணியைப் பார்த்துக்கொண்டிருந்த மரைன் வந்தார். 2018 மே மாதம் ஹரேந்திர சிங். 2019 ஏப்ரலில் ரீட். இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, நான்கு பேர்! இதில் மூன்று பேர் வெளிநாட்டவர், ஒருவர் உள்ளூர். ஆண்கள் அணியிலிருந்து எடுத்துப் பெண்கள் அணிக்குத் திருப்பி அனுப்பிய அதே மரைன்தான் டோக்கியோவில் பெண்களை நான்காம் இடம்வரை கொண்டுபோனார். ரீட்டுக்கு ஒலிம்பிக்குக்கு முன் இரண்டு வருஷத்துக்கு மேல் யாரும் தொந்தரவு செய்யாத நாற்காலி கிடைத்தது. ஆகவே கடவுச்சீட்டையும் பழைய பதக்கத்தையும் விட்டுவிட்டு, எத்தனை நாள் விட்டுவைக்கிறார்கள் என்பதை வைத்துச் சண்டை போடுங்கள். அதில் விஷயம் இருக்கிறது.

தன்ராஜ் பிள்ளை நம்மாள்தானே? (பிடோக் வாசகி)

இந்திய ஹாக்கி அணிக்கு ஆடிய தன்ராஜின் பெற்றோர் தமிழர், பிறந்தது புனே பக்கத்துக் கட்கியில். உடைந்த மட்டைகளை வைத்துக்கொண்டு ஆடிப் பழகியவர். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை ஆடியும் அவற்றில் ஒரு பதக்கம் கிடையாது. 1998 பேங்காக் ஆசிய விளையாட்டில் தங்கம் உண்டு. ரகளைக்காரர் என்று பெயர். எனக்குப் பிடிக்கும்.

சிங்கப்பூர் ஒலிம்பிக்கில் ஹாக்கி ஆடியிருக்கிறது என்று சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மறுபடி ஆட முடியாதா? (தோ பாயோ வாசகர்)

1956 மெல்பர்ன். அந்த வருஷ இந்திய அணி ஆப்கானிஸ்தானை 14-0, அமெரிக்காவை 16-0 என்று அடித்தது. சிங்கப்பூரை 6-0. நமக்குத் தோல்விதான், ஆனால் ஒரு கோல்கூட வாங்காமல் தங்கம் வென்ற அணியிடம் ஆறோடு தப்பித்தது சின்ன விஷயமா? பேரப்பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள், ஐயா.

மறுபடி போகவே இல்லை. 1976 மாண்ட்ரியலில் ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறியது. பாடாங் திடலின் புல்லில் வளர்ந்த நம் ஆட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, இந்தியாவும் பாகிஸ்தானுமே தடுமாறின. இங்கே இன்னொரு விஷயமும் இருக்கிறது. மற்ற நாட்டுப் பையன்கள் 21 வயதுக்குள் ஜூனியர் உலகக் கோப்பைக்குத் தயாராகிற அதே வயதில் நம் பையன்கள் ராணுவம், காவல் என்று கட்டாயத் தேசிய சேவைக்குப் போகிறார்கள். போகத்தான் வேண்டும், அதில் எனக்குப் புகார் இல்லை. முடித்துவிட்டு வருகிறவனை யாராவது தொலைபேசியில் கூப்பிடுகிறார்களா? தொடக்கக் கல்லூரியில் பிரமாதமாக ஆடிய எத்தனையோ பேர் 21 வயதில் பல்கலைக்கழகம், பகுதிநேர வேலை என்று கரைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். மட்டை வீட்டில் ஷூ அலமாரிக்குப் பின்னால் நிற்கும்.

எங்கள் மன்ற அணியில் 18 பேர். 40 தாண்டிய அண்ணன்மார் இடத்தை விடுவதில்லை. அணி மேலாளர் அவர்களுடைய கூட்டாளி. பட்டியலை அவர் போடுகிறார், பயிற்றுவிப்பாளர் வாயைத் திறப்பதில்லை. (உட்லண்ட்ஸ் வாசகர்)

மேலாளரின் வேலை சட்டை, பதிவு, மைதான முன்பதிவு, ஐஸ் பெட்டி, யாராவது தாமதமாக வந்தால் திட்டுவது. பட்டியல் அவர் வேலை இல்லை. பட்டியலை ஒருவர் போட்டு, தோல்விக்கு இன்னொருவர் பதில் சொல்கிற அணி உருப்படாது.

அண்ணன்மாரை அப்படியே வெளியே தள்ளவும் வேண்டாம். நடுக்களத்தில் நின்று சத்தம் போட்டே ஆட்டத்தை நகர்த்துகிற ஒரு பெருசு பையன்களுக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. ஒன்று, சரி, இரண்டு. ஒன்பது பேர் என்றால் அது அணி இல்லை, பழைய மாணவர் சந்திப்பு.

மகள் கோல்கீப்பர் ஆகியே தீருவேன் என்கிறாள். அவள் உயரத்துக்கு ஒரு பை, தொடையெல்லாம் நீலம் நீலமாகக் காயம். தடுக்கலாமா? (தெம்பனிஸ் வாசகி)

தானாகக் கேட்டு கோலில் நிற்கிற பிள்ளை கிடைப்பது அபூர்வம், அம்மா. பெரும்பாலும் வேகமாக ஓடத் தெரியாதவனைத்தான் அங்கே தள்ளிவிடுகிறார்கள், அது பயிற்றுவிப்பாளர்களின் சோம்பேறித்தனம். டோக்கியோ காலிறுதியில் ஆஸ்திரேலியப் பெண்கள் முட்டி மோதியும் இந்திய கோல்கீப்பர் சவிதா புனியா ஒன்றையும் உள்ளே விடவில்லை, இந்தியா 1-0. அந்த ஆட்டத்தை மகளோடு உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். கோல்கீப்பருக்குத் தனிப் பயிற்சி உண்டா என்று பள்ளியில் கேளுங்கள், வெறுமனே நிற்கவைத்துப் பந்தடிப்பது பயிற்சி ஆகாது. கவசம் அவள் அளவுக்குச் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பைக்குச் சக்கரம் வைத்தது வாங்குங்கள், எம்ஆர்டி ரயிலில் உங்கள் முதுகு தப்பிக்கும்.

மகன் மளமளவென்று வளர்கிறான். மட்டையைக் கொஞ்சம் நீளமாகவே வாங்கிவிடலாமா? (பொங்கோல் வாசகர்)

பள்ளிச் சீருடை மாதிரி, வளர்ந்தால் சரியாகிவிடும் என்று வாங்காதீர்கள். பக்கத்தில் நிறுத்தினால் இடுப்பெலும்பு வரை வர வேண்டும், அவ்வளவுதான். நீளமானதைக் கொடுத்தால் குனியாமல் நிமிர்ந்தே ஆடப் பழகிவிடுவான், அப்புறம் அந்தப் பழக்கத்தை மாற்ற நீங்கள் இன்னொரு பயிற்றுவிப்பாளருக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கும். சிறிசாகிப்போன பழைய மட்டையை அணியில் இளையவன் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.