மே மாதம் மொட்டை, சனிக்கிழமை எண்ணெய்: டெல்லித் தமிழர்களின் நாய்க் கேள்விகள்

டெல்லியில் வாழும் நாய் ஒரே வருடத்தில் 45 டிகிரி வெயிலையும் பார்க்கிறது, 4 டிகிரி குளிரையும் பார்க்கிறது. நடுவில் மழை, புகை, ஹோலி வேறு. அதனால் கேள்விகள் வந்துகொண்டே இருப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் இந்த முறை வந்தவற்றைப் படித்தபோது ஒன்று தெரிந்தது. பாதிப் பேர், தங்களுக்குச் செய்துகொள்வதை நாய்க்கும் செய்யலாமா என்றுதான் கேட்கிறீர்கள். கேட்டுவிட்டுச் செய்தால் சந்தோஷம். செய்துவிட்டு வருகிறவர்களைத்தான் கிளினிக்கில் அதிகம் பார்க்கிறேன்.

கேள்வி (கரோல் பாக்): எங்கள் கோல்டன் ரெட்ரீவருக்கு இரண்டு வயது. ஏப்ரல் பிறந்ததிலிருந்து நாள் முழுக்க இரைக்கிறான். முழுசாக மழித்துவிட்டால் குளுமையாக இருக்கும் என்கிறார் க்ரூமர். மாமியாரும் 'பாவம், மொட்டை போட்டுவிடு' என்கிறார். போடலாமா டாக்டர்?

பதில்: வேண்டாம். நான் சொன்னதாகவே மாமியாரிடம் சொல்லுங்கள்.

கோல்டனுக்கு முடி இரண்டு அடுக்கு. மேலே நீளமான, கொஞ்சம் முரட்டு முடி. அடியில் பஞ்சு மாதிரி மெல்லிய முடி. அடிமுடி குளிருக்காக, மேல்முடி வெயில் நேராகத் தோலில் இறங்காமல் தடுக்கிறது. நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும், அதனால் முடியை எடுத்தால் காற்றுப் பட்டுச் சுகமாக இருக்கும். நாய்க்கு வேர்ப்பது உள்ளங்காலில் மட்டும், அதுவும் கொஞ்சம்தான். மற்ற சூட்டையெல்லாம் நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துத்தான் வெளியே தள்ளுகிறது. முதுகை மழிப்பதால் அந்த வேலை குறையாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மழித்த இடத்தில் அடிமுடி முந்திக்கொண்டு வளரும். மேல்முடி திட்டுத் திட்டாக, தன் இஷ்டத்துக்கு வரும். சில நாய்களுக்கு மாதக்கணக்கில் வராது. மே மாதம் மொட்டை போட்ட ஒரு பொமரேனியன், அடுத்த ஜனவரியில் முதுகு வழுக்கையோடு ஸ்வெட்டருக்குள் உட்கார்ந்தபடி என் மேசைக்கு வந்தது. வெயிலுக்கு எடுத்த முடி குளிருக்குக்கூடத் திரும்பவில்லை.

செய்ய வேண்டியது மார்ச், ஏப்ரலில் வாருவது. அப்போதுதான் அடிமுடி உதிரும். வாரத்தில் மூன்று நாள், 15 நிமிடம், அகலமான பல் உள்ள சீப்பால் அடிவரை வாருங்கள். முதல் வாரம் தலையணை உறைக்குள் அடைக்கிற அளவு முடி வரும், பயப்பட வேண்டாம். உதிர்ந்த முடி உள்ளேயே கிடந்தால்தான் காற்று போகாது. அடிவயிற்று முடியையும் கால்விரல் இடுக்கில் உள்ளதையும் கத்தரித்துவிடலாம். பையன் மொசைக் தரையில் வயிற்றைப் பரப்பிப் படுத்துக்கொள்வான். கூலர் காற்றும் இருந்தால் அவனுக்குப் போதும்.

லாசா அப்ஸோ, ஷிட்ஸு, பூடில் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துக் குழம்ப வேண்டாம். அவற்றின் முடி நம் தலைமுடி போல வளர்ந்துகொண்டே இருக்கும். வெட்டாவிட்டால்தான் சடை விழும். ஓர் அங்குலம் விட்டு வெட்டுங்கள், தோல் தெரிய வேண்டாம்.

கேள்வி (முனிர்க்கா): பக் நாய். சாயங்காலம் 6 மணிக்கு நடக்கக் கூட்டிப்போனாலே திணறுகிறது. எத்தனை மணிக்குப் போவது?

பதில்: மே மாத டெல்லியில் 6 மணி என்பது சாயங்காலமே அல்ல. சூரியன் மறையவே ஏழாகிவிடுகிறது. மறைந்த பிறகும் பகலெல்லாம் குடித்த சூட்டைத் தார்ச்சாலை திருப்பித் தந்துகொண்டிருக்கும். புறங்கையைச் சாலையில் வைத்து ஏழு வரை எண்ணுங்கள். உங்களால் வைத்திருக்க முடியாவிட்டால் நாயாலும் நடக்க முடியாது. காலை 5 மணி, இரவு 9 மணிக்கு மேல்: இந்த இரண்டு வேளை போதும்.

பக் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். நாய் இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும் என்று மேலே சொன்னேன். பக்குக்கோ மூக்கே சப்பை, மூச்சுக்குழாய் குறுகல். ஏசி இல்லாத வீட்டில் டெல்லிக் கோடையில் பக் வளர்ப்பது அதற்குத் தண்டனைதான்.

வெப்பத்தாக்கு வந்தால் இரைப்பு நிற்காது, எச்சில் கெட்டியாக ஒழுகும், ஈறு செங்கல் நிறத்துக்குப் போகும், கால் தள்ளாடும். நாயின் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட். 104-ஐத் தாண்டினால் ஆபத்து. அப்போது முதலில் தண்ணீர், அப்புறம்தான் ஆட்டோ. குழாய்த் தண்ணீர் கொதித்தால் பானைத் தண்ணீரையோ ஃப்ரிட்ஜ் தண்ணீர் கலந்ததையோ உடம்பு முழுக்க ஊற்றி, ஃபேன் காற்றில் நிறுத்துங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி மூடிவிடாதீர்கள், சூடு உள்ளேயே நின்றுவிடும். வாயில் வலுக்கட்டாயமாகத் தண்ணீர் புகட்டாதீர்கள். சூடு 103-க்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். எழுந்து வாலாட்டினாலும் போக வேண்டும். உள்ளுறுப்புச் சேதம் பிறகுதான் தெரியும்.

கேள்வி (மயூர் விஹார்): அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். சனிக்கிழமைதோறும் எங்கள் நாட்டு நாய்க்கும் நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டுகிறார். நாயும் அவரைக் கண்டாலே வாலாட்டுகிறது. எப்படி நிறுத்தச் சொல்வது?

பதில்: வாலாட்டுவது எண்ணெயை நக்கக் கிடைக்கிறதே என்றுகூட இருக்கலாம். நக்கிய எண்ணெய் வயிற்றுப்போக்கில் முடியும். உடம்பில் தங்கியது டெல்லித் தூசியை எல்லாம் வாரி அப்பிக்கொள்ளும். அந்த எண்ணெயைப் போக்கச் சீயக்காயை அழுத்தித் தேய்க்க வேண்டும். அது கண்ணில் பட்டால் எரியும், தூள் முடிக்குள் தங்கி அரிக்கும். நம் ஷாம்பும் கூடாது. நம் தோல் கொஞ்சம் அமிலத் தன்மை கொண்டது, நாயின் தோல் அப்படி இல்லை, மெல்லியதும்கூட. நாய்க்கென்று விற்கும் ஷாம்பு வாங்குங்கள். வீட்டுக்குள் இருக்கும் நாட்டு நாய்க்கு மாதம் ஒரு குளியல் தாராளம்.

அம்மாவை நிறுத்தச் சொல்லாதீர்கள். கையில் ஒரு ரப்பர் பிரஷைக் கொடுத்து, சனிக்கிழமை வெறும் பிரஷால் தேய்த்துவிடச் சொல்லுங்கள். நாய்க்குப் பிடித்தது அவர் கைதான் என்றால் அப்போதும் வாலாட்டும்.

கேள்வி (ஜனக்புரி): வாராவாரம் உண்ணி ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுகிறோம். மூன்றாம் நாளே உண்ணி வந்துவிடுகிறது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி மண்ணெண்ணெய் தடவச் சொல்கிறார். ஷாம்பு போலியா?

பதில்: ஷாம்பு மேல் தப்பில்லை, உண்ணி நாயின் மேல் குடியிருப்பதாக நினைப்பதில்தான் தப்பு. நம் ஊர்களில் நாய்மேல் காண்பது பெரும்பாலும் பழுப்பு நாய் உண்ணி. அது ரத்தம் குடிக்கத்தான் நாயிடம் வரும். குடித்துவிட்டு விழுந்து, சுவர் வெடிப்பு, கதவு நிலை, கட்டில் இடுக்கு, ஸ்விட்ச் பெட்டி என்று போய் ஒளிந்துகொள்ளும். தோலை உரித்து அடுத்த பருவத்துக்கு வளர்ந்து மறுபடி வரும். தாய் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடுவதும் அந்த இடுக்கில்தான். பட்டினியாக மாதக்கணக்கில் காத்திருக்கவும் அதற்குத் தெரியும். நாய்மேல் நீங்கள் பார்த்தது பத்து என்றால், வீட்டுக்குள் அதைப்போலப் பல மடங்கு இருக்கும். குளிப்பாட்டினால் அந்தப் பத்து போகும்.

ஆகவே இரண்டு பக்கமும் வேலை செய்ய வேண்டும். நாய்க்கு, ஃப்ளூராலனர் அல்லது அஃபாக்ஸோலனர் உள்ள மாத்திரையை எடைக்குத் தக்க அளவில் மருத்துவர் தருவார். நாய்க்கு முன்பு வலிப்பு வந்திருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். வீட்டுக்கு, வெடிப்புகளை சிமென்ட் வைத்து அடைப்பது, நாயின் விரிப்பை வெந்நீரில் துவைப்பது, மூலைகளை வாக்யூம் செய்வது, தேவைப்பட்டால் பூச்சிமருந்துக்காரரைக் கூப்பிடுவது. மருந்தடிக்கும்போது நாயும் குழந்தைகளும் வெளியே இருக்கட்டும். இதை மூன்று நான்கு மாதம் விடாமல் செய்ய வேண்டும். ஒரு மாதத்தில் உண்ணி காணவில்லை என்று மாத்திரையை நிறுத்தினால், சுவரில் இருக்கும் அடுத்த தலைமுறைக்கு நீங்களே பந்தி வைக்கிறீர்கள்.

மண்ணெண்ணெய் கூடவே கூடாது. தோல் வெந்துபோகும், நக்கினால் நுரையீரல் வரை பாதிக்கும். பெர்மெத்ரின் உள்ள நாய் மருந்தைப் பூனையும் இருக்கும் வீட்டில் கொண்டுவராதீர்கள், பூனையின் உயிருக்கே ஆபத்து. ஓரிரண்டு உண்ணிதான் என்றால், தோலை ஒட்டிச் சாமணத்தால் பிடித்து நேராக இழுத்து ஸ்பிரிட்டில் போடுங்கள். நகத்தால் நசுக்காதீர்கள்.

இதற்கு இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் அரிப்பு அல்ல, உண்ணிக் காய்ச்சல். அதை உண்டாக்கும் எர்லிக்கியா, பபேசியா என்ற இரண்டு கிருமிகளும் இந்த உண்ணியால்தான் பரவுகின்றன. நாய் சாப்பாட்டை மோந்துவிட்டுப் போனால், ஈறு வெளுத்தால், மூக்கில் ரத்தம் வந்தால், சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் போனால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் நான்கு வாரம் தர வேண்டும். பத்தாம் நாள் ஓடியாடுகிறது என்று நிறுத்துகிறவர்கள் இரண்டு மாதம் கழித்து அதே நாயோடு திரும்பி வருகிறார்கள்.

கேள்வி (துவாரகா): மழை ஆரம்பித்ததிலிருந்து லாப்ரடார் காதில் ஒரு நாற்றம். காலையும் நக்கிக்கொண்டே இருக்கிறது. காதில் எண்ணெய் காய்ச்சி விடலாமா?

பதில்: மறுபடியும் எண்ணெய்! விடாதீர்கள். அந்த நாற்றம் புளித்த இட்லி மாவு மாதிரி இருக்கிறதா? அப்படியானால் பெரும்பாலும் ஈஸ்ட் கிருமி. நாயின் காதுக்குழாய் கீழே இறங்கி உள்பக்கம் திரும்புகிறது. உள்ளே போன ஈரம் வெளியே வராது. மேலே மடல் வேறு மூடியிருக்கிறது. பட்ஸ் விட்டால் அழுக்கு இன்னும் ஆழமாகப் போகும். செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எந்தச் சொட்டு மருந்தும் விட வேண்டும். மருத்துவரிடம் காட்டாமல், போன வருடத்து மிச்ச பாட்டிலை எடுக்காதீர்கள்.

ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை, நடந்துவிட்டு வந்ததும் விரலிடுக்கைத் துண்டால் ஒற்றுங்கள், மடலைத் தூக்கித் துடையுங்கள். இவ்வளவு செய்தும் வருடாவருடம் வந்தால் அலர்ஜி இருக்கலாம், அதைத் தேட வேண்டும். தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் லெப்டோ (லெப்டோஸ்பைரா) என்ற கிருமி இருக்கும், அது மனிதருக்கும் தொற்றும். வருடாந்திரத் தடுப்பூசியில் லெப்டோவும் சேர்ந்திருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள்.

கேள்வி (ரோகிணி): தீபாவளிப் புகையில் நாய்க்கு மாஸ்க் போடலாமா?

பதில்: வேண்டாம், மூச்சு முட்டும். விடிகாலை நடையை விட்டுவிட்டு மதியம் அழைத்துப் போங்கள். வந்ததும் முகம், முடி, பாதம் மூன்றையும் ஈரத்துணியால் துடையுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கரியை நக்கி விழுங்கும்.

கேள்வி (ஆர்.கே. புரம்): ஊரிலிருந்து சிப்பிப்பாறைக் குட்டியைக் கொண்டுவந்தோம். இப்போது ஒன்றரை வயது. டிசம்பர் வந்ததும் நடுங்குகிறான், வெளியே வர மறுக்கிறான். ஸ்வெட்டர் போட்டால் மலை மந்திர் பக்கம் எல்லாரும் சிரிக்கிறார்கள்.

பதில்: சிரிக்கிறவர்கள் எத்தனை ஸ்வெட்டர் போட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். டெல்லியில் தெருநாய்க்கே சாக்கில் சட்டை தைத்துப் போடும் நல்லவர்கள் இருக்கிறார்கள்.

சிப்பிப்பாறை கரிசல் காட்டு வெயிலில் முயலைத் துரத்த வளர்த்த உடம்பு. ஒட்டிய வயிறு, மெல்லிய தோல், குட்டை முடி. அடிமுடி இல்லை, கொழுப்பும் இல்லை. கன்னி வகை நாய்க்கும் இதே கதைதான். வெயிலில் அந்தக் கரோல் பாக் கோல்டனைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஜனவரி இரவில் அதற்குக் காவல் எதுவும் இல்லை.

நெஞ்சையும் வயிற்றையும் சேர்த்து மூடும் சட்டையாக வாங்குங்கள். முதுகில் மட்டும் கிடக்கும் சட்டை அழகுக்குத்தான். உள்பக்கம் பருத்தி இருக்கட்டும். தினமும் ஒரு முறை கழற்றி, அக்குளில் உரசல் புண் இருக்கிறதா என்று பாருங்கள். நனைந்தால் உடனே மாற்றுங்கள். தரையில் படுக்க விடாதீர்கள். கயிற்றுக் கட்டிலில் சாக்கு, அதன்மேல் கம்பளி போடுங்கள். முழங்கையில் காய்ப்பு விழாமலும் இருக்கும். டிசம்பர், ஜனவரியில் குளியலே வேண்டாம், வெயில் நேரத்தில் ஈரத்துணியால் துடைத்தால் போதும். நடையைப் பனி விலகிய பிறகு வையுங்கள். சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள். மூடிய அறையில் அங்கீட்டி (கரி அடுப்பு) மட்டும் வைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு நாயோடு உங்களையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

வேறு ஏதாவது சிகிச்சைக்கு மயக்க மருந்து தர வேண்டியிருந்தால், இது வேட்டை நாய் வகை என்று முன்கூட்டியே சொல்லுங்கள். வடக்கே எல்லா மருத்துவரும் சிப்பிப்பாறையைப் பார்த்திருக்க மாட்டார்கள். கொழுப்பு இல்லாத இந்த உடம்புக்கு மருந்தின் வகையையும் அளவையும் பார்த்துத்தான் தர வேண்டும். (ராஜபாளையத்துக்கு 2005-இல் அஞ்சல் தலையே வந்தது. சிப்பிப்பாறைக்கு இன்னும் அறிமுகம் தேவைப்படுகிறது.)

கேள்வி (சரோஜினி நகர்): போன ஹோலியில் வெள்ளைப் பொமரேனியன் மேல் பிங்க் பவுடர் கொட்டிவிட்டார்கள். பெயிண்ட் தின்னர் போட்டுத் துடைத்தோம், தோல் சிவந்துவிட்டது. இந்த வருடம் என்ன செய்வது?

பதில்: தின்னர், ஸ்பிரிட், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். காலையிலேயே வீட்டுக்குள் அடைத்துவிடுங்கள். அப்படியும் பட்டுவிட்டால் தண்ணீர் ஊற்றும் முன் காய்ந்த பொடியை வாரித் தட்டிவிடுங்கள். ஈரம் பட்டால்தான் சாயம் பிடிக்கும். நக்காமல் பார்த்துக்கொண்டு, நாய் ஷாம்பு போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். கண் சிவந்தாலோ வாந்தி எடுத்தாலோ கூட்டிவாருங்கள். மிச்சமுள்ள நிறம் தானாகப் போகச் சில வாரம் ஆகும். அதுவரை பிங்க் பொமரேனியனோடு நடந்து போக வேண்டியதுதான்.