கனடாவுக்குப் புதிதாக வந்திருக்கிறேன். கிரெடிட் ஸ்கோர் இல்லாமல் வாடகை வீடு கிடைக்குமா? கிரெடிட் செக் என்றால் எதைப் பார்ப்பார்கள்?

கிடைக்கும். ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கொட்டிக் கொடுக்காமலும் கிடைக்கும். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களிடமும் யாரோ அப்படிக் கேட்டிருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது.

எந்த ஊர் என்று நீங்கள் எழுதவில்லை. புதிதாக வருகிற நம் ஆட்கள் பெரும்பாலும் டொராண்டோ, ஸ்கார்பரோ, பிராம்டன் பக்கம்தான் இறங்குகிறார்கள் என்பதால் அவை இருக்கிற ஒண்டாரியோ மாகாணத்தை வைத்தே சொல்கிறேன். வாடகைச் சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். உங்களுக்கு வேலையோ, ஆஃபர் லெட்டரோ கையில் இருக்கிறது என்றும் எடுத்துக்கொள்கிறேன்.

கனடாவில் ஈக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்று இரண்டு நிறுவனங்கள் எல்லோருடைய கடன் கணக்கையும் வைத்திருக்கின்றன. வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டுகிற எண்தான் ஸ்கோர், 300-இல் தொடங்கி 900 வரை. வீட்டுக்காரர் எடுக்கிற ரிப்போர்ட்டில் உங்கள் கிரெடிட் கார்டு, கார் லோன், சில சமயம் போஸ்ட்பெய்டு போன் கணக்கு எல்லாம் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு குறி. கார்டு கணக்கில் ஆர்1 என்றால் ஒழுங்காகக் கட்டுகிறார், ஆர்9 என்றால் வாராக்கடன் அல்லது திவால். தவறிய தவணை பொதுவாக ஆறு வருடம் அந்தத் தாளில் ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் சம்பளமோ, பேங்கில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்பதோ அதில் இருக்காது. ஊர்க் கணக்கும் இருக்காது. வீட்டுக் கடனில் ஒரு தவணைகூடத் தவறாதவன் நான், இந்தியாவின் கிரெடிட் ஸ்கோரான சிபில் ஸ்கோரும் நன்றாகவே இருந்தது. சிபிலை நடத்துவதும் இதே டிரான்ஸ்யூனியன்தான். ஆனாலும் இங்கே தேடியபோது என் பெயரில் ஒன்றும் வரவில்லை.

ஸ்கோர் குறைவு என்பது வேறு, ஸ்கோரே இல்லை என்பது வேறு. கடன் வாங்கிக் கட்டாதவரையும், நேற்று விமானத்திலிருந்து இறங்கியவரையும் ஒரே தட்டில் வைக்கிறார்கள். எனக்கு வலித்தது அங்கேதான்.

டொராண்டோவின் நார்த் யார்க்கில் ஒரு காண்டோ, அதாவது அடுக்குமாடி வீடு. பார்த்தோம், பிடித்தது. மனைவி, கைக்குழந்தையோடு தற்காலிகமாக எடுத்த அறையில் இருந்தோம், ஏர்பிஎன்பி வாடகை ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஏஜென்ட் நம் தமிழ்நாட்டுக்காரர். ஆஃபர் லெட்டரை வாங்கிப் பார்த்தார், சம்பளமும் தாராளமாகப் போதும் என்றார். கிரெடிட் இல்லை என்றதும் குரல் மாறியது. "ஆறு மாச வாடகை அட்வான்ஸா குடுத்துடுங்க ப்ரோ, ஓனர் ஓகே பண்ணிடுவார்." சட்டப்படி அப்படிக் கேட்கலாமா என்றேன். "நியூகமர் எல்லாருமே இப்படித்தான் குடுக்குறாங்க. நீங்க மட்டும் என்ன ஸ்பெஷலா?"

பிறகு அனுப்பிய தாளில் ஒரு வரி இருந்தது: வாடகைதாரர் தாமாக விரும்பி ஆறு மாத வாடகையை முன்கூட்டியே தருகிறார். என் மனைவி அதை இரண்டு முறை படித்துவிட்டு, "நம்ம எங்கங்க விரும்பினோம்?" என்று கேட்டாள். நான் கையெழுத்துப் போடவில்லை. இன்றைக்கும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஒண்டாரியோவின் 2006-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, மாத வாடகை வீட்டுக்கு டெபாசிட்டாக அதிகபட்சம் ஒரு மாத வாடகைதான் கேட்கலாம். அதுவும் கடைசி மாத வாடகையில் கழிக்கத்தான். அதற்கு வருடா வருடம் உங்களுக்கு வட்டி தர வேண்டும். சேதத்துக்கு டெபாசிட் கிடையாது. சாவிக்கு வாங்கலாம், சாவியின் விலைக்கு மேல் போகக்கூடாது, திருப்பியும் தர வேண்டும். பின்தேதியிட்ட செக் கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. கிரெடிட் செக் பண்ண வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கிரெடிட் ஹிஸ்டரி இல்லாததையே ஒரு குறையாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்று ஒண்டாரியோ மனித உரிமை ஆணையம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

"சட்டம் பேசினால் வீடு கிடைக்குமா?" என்று கீழே யாராவது எழுதுவார்கள். பேசச் சொல்லவில்லை, தெரிந்துகொண்டு போங்கள் என்கிறேன். வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. வாடகை தராதவரை வெளியேற்ற வாடகை வாரியத்தில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதுவரை மார்ட்கேஜை, அதாவது வீட்டுக் கடன் தவணையை, அவர்தான் கட்ட வேண்டும். அந்தப் பயத்துக்கு நாம் பதில் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பதில் பணமூட்டையாக இருக்க வேண்டியதில்லை.

எங்களுக்கு வீடு தந்தவர் ஸ்கார்பரோவில் ஓர் ஈழத் தமிழர், வயதில் பெரியவர். சமையலறை மேசையில் என் காகிதங்களைப் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார்: ஆஃபர் லெட்டர், முதல் பே ஸ்டப் (சம்பளச் சீட்டு), பேங்க் ஸ்டேட்மெண்ட், சென்னையில் நாங்கள் குடியிருந்த வீட்டு ஓனர் எழுதிக் கொடுத்த கடிதம், அதில் அவருடைய போன் நம்பர். "தம்பி, கிரெடிட் இல்லையெண்டது எனக்கு விளங்குது, நீங்கள் இப்பத்தானே வந்தனீங்கள். வேலை இடத்து நம்பரைத் தாங்கோ, நான் ஒருக்கா கதைச்சுப் பாக்கிறன்." எங்கள் கண் முன்னாலேயே எச்.ஆருக்குப் போன் போட்டார். வேலை நிரந்தரமா, தற்காலிகமா என்று கேட்டார். முதல் மாதமும் கடைசி மாதமும் மட்டும்தான் வாங்கினார், ஒண்டாரியோவின் ஸ்டாண்டர்டு லீஸ் படிவத்திலேயே எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதக் கட்டைத்தான் நீங்களும் தயார் பண்ண வேண்டும். ஊர் ஓனரின் கடிதத்தைக் கிளம்புவதற்கு முன்பே வாங்கியிருந்தால் நல்லது. இல்லையென்றால் இன்றைக்கே வாட்ஸ்அப்பில் கேளுங்கள்.

ஏஜென்ட்டுகள் கொடுக்கிற விண்ணப்பம் பெரும்பாலும் ஃபார்ம் 410. அதில் சின் நம்பர், அதாவது வேலைக்காக அரசாங்கம் உங்களுக்குத் தருகிற சமூகக் காப்பீட்டு எண், கேட்டிருக்கும், பக்கத்திலேயே விருப்பமிருந்தால் என்றும் போட்டிருக்கும். கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பெயர், பிறந்த தேதி, முகவரி இருந்தாலே கிரெடிட் செக் பண்ணலாம். வீட்டை நேரில் பார்க்கும் முன் யாருக்கும் அந்த நம்பரையும் தராதீர்கள், ஈ-டிரான்ஸ்ஃபரில் பணமும் அனுப்பாதீர்கள்.

இங்கே கிரெடிட் ஹிஸ்டரி இல்லை என்கிற கதையைச் சொல்லும்போது, அதே மாதிரியான இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் மனைவி ஊரில் பல வருடம் அக்கவுண்ட்ஸ் வேலை பார்த்தவள். இங்கே இன்டர்வியூவுக்குப் போன இடத்தில் எல்லாம் "கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" என்ற ஒரே கேள்விதான். டெபிட்டும் கிரெடிட்டும் கனடாவில் பக்கம் மாறியா போகும்? 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனங்கள் விளம்பரத்தில் அப்படிக் கேட்கக்கூடாது என்று ஒண்டாரியோவில் சட்டம் வந்துவிட்டது. நல்லது. ஆனால் அவள் அதற்கு முன்பே வேறு வேலைக்குப் போய்விட்டாள், அந்த வருடங்களை யார் திருப்பித் தருவது? நீங்கள் வீட்டைப் பற்றித்தான் கேட்டீர்கள், தெரியும்.

வீடு கிடைத்த பிறகு ஸ்கோரை வளர்ப்பது கஷ்டமில்லை. எந்த பெரிய பேங்கிலும் புதிதாக வந்தவருக்கென்று கார்டு தருகிறார்கள். தராவிட்டால் பணத்தைக் கட்டி வைத்து வாங்குகிற செக்யூர்டு கார்டு இருக்கிறது. லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் செலவு பண்ணுங்கள், முழு பில்லையும் தேதிக்கு முன்னால் கட்டுங்கள். வாடகையை எவ்வளவு ஒழுங்காகக் கட்டினாலும் அது தானாக ரிப்போர்ட்டில் ஏறாது, அதனால் வாடகை ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள், அடுத்த வீட்டுக்கு அதுதான் சாட்சி. இரண்டு நிறுவனங்களிலும் உங்கள் ரிப்போர்ட்டை இலவசமாகவே பார்க்கலாம், நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. பெயர் எழுத்துப் பிழையோடு ஏறியிருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். அப்பா பெயர் எது, குடும்பப் பெயர் எது என்று தெரியாமல் நம் பெயரை இங்கே மாற்றி மாற்றிப் பதிந்துவிடுகிறார்கள். பாஸ்போர்ட், பேங்க், லீஸ் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.