'பாபா ஓரைலி' தொடக்கம்: ஆர்பெஜியேட்டரை முதலில் அணையுங்கள்

சிந்தசைசரின் சா அலை ஒலியோடு ஆர்பெஜியேட்டரை (அழுத்திய ஸ்வரங்களைத் தானாக ஒவ்வொன்றாக வாசிக்கும் வசதி) ஓடவிட்டும், தி ஹூ ராக் குழுவின் 'ஹூஸ் நெக்ஸ்ட்' (1971) ஆல்பத்தின் முதல் பாட்டான 'பாபா ஓரைலி'யின் தொடக்கம் ரிங்டோன் மாதிரிதான் வருகிறது என்கிறீர்கள். வராமல் என்ன செய்யும்? அது சிந்தசைசரே இல்லை. குழுவின் கிட்டாரிஸ்ட் பீட் டவுன்சென்ட் வாசித்தது லோரி பெர்க்ஷயர் ஆர்கன். அதிலிருக்கும் 'மரிம்பா ரிப்பீட்' வசதிதான் அந்தத் துடிப்பு. நீங்கள் கட்டையை அழுத்திக்கொண்டிருந்தால் போதும், விட்டுவிட்டு ஒலிப்பதை ஆர்கனே பார்த்துக்கொள்ளும்.

உங்கள் கீபோர்டில் சாதாரண ஆர்கன் ஒலி எடுங்கள். அட்டாக் (ஒலி எழும் நேரம்) 0, டிகே (தணியும் நேரம்) 150 மில்லிசெகண்ட் அளவு, சஸ்டெயின் (நீடிக்கும் அளவு) 0. டெம்போ நிமிடத்துக்கு ஏறக்குறைய 117 அடி, பதினாறாம் நோட்டுகள் (அடிக்கு நான்கு). இரண்டு டிராக் போட்டு, ஒன்றில் எஃப், இன்னொன்றில் சி, மாறி மாறி விழட்டும். மேல் ஸ்வரங்களை மூன்றாவது டிராக்கில் கையால் வாசியுங்கள். எங்கே அழுத்தினாலும் துடிப்பு தன் கணக்கில் ஓட வேண்டும். கட்டை தொட்டதும் ஆர்பெஜியேட்டர் முதல் ஸ்வரத்துக்குத் திரும்புவதுதான் உங்கள் சிக்கல். அப்படித் திரும்பவைக்கும் ரீட்ரிகர் வசதி ஆஃப். வெலாசிட்டி (கட்டையை அழுத்தும் வேகம்) எல்லாம் ஒரே அளவு.

கடைசிப் பாட்டான 'வோன்ட் கெட் ஃபூல்ட் அகெய்ன்' வேறு கதை. அங்கே ஆர்கன் ஒலி இஎம்எஸ் விசிஎஸ்3 சிந்தசைசரின் ஃபில்டர் வழியாகப் போகிறது. அதற்கு கார்டைப் பிடித்தபடி லோ-பாஸ் ஃபில்டரை (உயர் அதிர்வெண்களைக் குறைப்பது) எல்எஃப்ஓவால் (மெதுவாக ஏறி இறங்கும் கட்டுப்பாட்டு அலை) அசைத்தால் போதும்.

மேடையில் டிரம்மருக்கு இந்த ஆர்கன் டிராக் ஹெட்போனில் கட்டாயம் போக வேண்டும். தி ஹூவின் டிரம்மர் கீத் மூனே அப்படித்தான் வாசித்தார். மானிட்டரை (மேடை ஸ்பீக்கரை) நம்பினால் இரண்டாவது சரணத்திலேயே தாளம் நழுவும்.